மோசடிக் குறுஞ்செய்தி: எந்தக் கதவை எப்போது தட்டுவது

ஒரு சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு அப்பாவின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஸ்கூட்டர் சிக்னலை மீறியதற்கு 500 ரூபாய் அபராதம், இன்றே கட்டாவிட்டால் நீதிமன்ற வழக்கு, கீழே ஒரு லிங்க். அன்று காலை அப்பா உண்மையிலேயே ஒரு சிக்னலை மீறியிருந்தார். அந்தத் தற்செயல்தான் எங்களுக்கு 68,498 ரூபாய் செலவு வைத்தது.

லிங்கைத் தொட்டதும் ஒரு கோப்பு இறங்கியது. நிறுவச் சொன்னது, நிறுவினார். டெபிட் கார்டு விவரம் கேட்டது, கொடுத்தார். பத்து மணிக்குள் 24,999, 24,999, 18,500 என்று மூன்று முறை பணம் போய்விட்டது. பதினோரு மணிக்கு இருப்பைப் பார்த்து அவருக்கு விஷயம் புரிந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு விடியும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் கேள்விப்பட்டதும் நான் புகார் கொடுத்தேன். தவறான இடத்தில் கொடுத்தேன் என்பது திங்கட்கிழமை காலை வங்கிக் கிளையில், "1930-க்கு எப்போது சொன்னீர்கள்?" என்று அலுவலர் கேட்டபோதுதான் தெரிந்தது. பணம் போனால் உடனே அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் அது. பணம் போய் அதற்குள் 36 மணி நேரம் ஆகியிருந்தது. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். முழுவதும் படிக்க நேரமில்லை, பணம் இப்போதுதான் போனது என்றால் நேராக 5ஆம் பகுதிக்குப் போய்விடுங்கள்.

1. செய்தியை அடையாளம் காணுதல்

அனுப்பியவர் பெயரை முதலில் பாருங்கள். இந்தியாவில் வங்கியோ நிறுவனமோ மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டுமானால் தன் பெயர்க்குறியைத் தொலைபேசி நிறுவனங்களிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அதனால் உண்மையான செய்தி பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வராது. இரண்டு எழுத்து, ஒரு கோடு, பிறகு நிறுவனத்தின் பெயர்க்குறி என்ற வடிவில் வரும். 2025இல் திருத்தப்பட்ட விதிகளின்படி அதன் வாலில் இன்னொரு ஆங்கில எழுத்தும் சேர்ந்திருக்கிறது. பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. பெயர்க்குறி யாருடையது என்று சந்தேகம் வந்தால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதற்கென்றே நடத்தும் தளத்தில் தேடிப் பார்க்கலாம், கட்டணம் இல்லை.

மின்வாரியம் என்றும் வங்கி என்றும் சொல்லிக்கொண்டு சாதாரணக் கைபேசி எண்ணிலிருந்து வருவது மோசடி. அதில் யோசிக்க எதுவும் இல்லை. ஆனால் பெயர்க்குறி இருக்கிறது என்பதாலேயே நம்பிவிடாதீர்கள். பதிவு பெற்ற பெயர்க்குறிகளையே தவறாகப் பயன்படுத்தியதும் நடந்திருக்கிறது.

அடுத்து உள்ளடக்கம். தமிழ்நாட்டில் அடிக்கடி வருபவை ஒரு கைக்குள் அடங்கும்: "இன்று இரவு 9.30-க்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த அதிகாரியை அழைக்கவும்", "கேஒய்சி புதுப்பிக்காததால் கணக்கு முடக்கப்படும்", "பான் எண்ணை இணைக்கவும்", "உங்கள் தபால் பார்சலின் முகவரி சரியில்லை", "ரிவார்டு புள்ளிகள் இன்றோடு காலாவதி", "வீட்டிலிருந்தே வேலை, நாளுக்கு மூவாயிரம்", அப்பாவுக்கு வந்த போக்குவரத்து அபராதம். எல்லாவற்றிலும் ஒரு கெடு இருக்கும், அது பெரும்பாலும் அன்றைய தினமாகவே இருக்கும். மின் கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்து, கட்டுவதற்கு அவகாசமும் கொடுக்கும் வாரியம், இரவு ஒன்பதரை மணிக்கு ஏணியோடு உங்கள் தெருவுக்கு ஆள் அனுப்புமா?

எழுத்துப்பிழையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. அப்பாவுக்கு வந்த செய்தியில் ஒரு பிழைகூட இல்லை.

2. லிங்கைத் தொடாமல் சரிபார்த்தல்

முகவரியைப் படிக்க ஒரு வழி உண்டு. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டினால், அடுத்து ஒற்றைச் சாய்கோடு வரும். அதற்குச் சற்று முன்னால் இருக்கும் துண்டுதான் தளத்தின் உண்மையான உரிமையாளரைச் சொல்லும். "பரிவாகன்" (அரசின் வாகனச் சேவைத் தளத்தின் பெயர்) என்ற சொல் முகவரியின் தொடக்கத்தில் இருந்து, முடிவு டாட் காம் என்றோ டாட் எக்ஸ்ஒய்இஸட் என்றோ இருந்தால் அது அரசுத் தளம் அல்ல. மத்திய, மாநில அரசுத் தளங்கள் பெரும்பாலும் டாட் கவ் டாட் இன் என்று முடியும். வங்கிகளை டாட் பேங்க் டாட் இன் முகவரிக்கு மாறச் சொல்லி ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31 வரை கெடு வைத்தது.

இதிலும் விதிவிலக்குகள் உண்டு. நம் மின்வாரியத்தின் கட்டணப் பக்கமே டாட் ஆர்க் முகவரியில் இயங்கி வந்தது. அதனால் முகவரியை ஆராய்வதைவிட எளிய வழி, செய்தியில் உள்ள லிங்கை மறந்துவிட்டு நீங்களே போய்ப் பார்ப்பது. அபராதம் என்றால் அரசின் இ-செலான் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். மின்சாரம் என்றால் வாரியத்தின் செயலியில் பாருங்கள், அல்லது மின்னகம் உதவி மையத்தை 94987 94987 என்ற எண்ணில் கேளுங்கள். வங்கி என்றால் டெபிட் கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்.

பொறி: வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். தேடலில் முதலில் வரும் எண்ணே மோசடிக்காரர் போட்டுவைத்ததாக இருக்கலாம். பாஸ்புக், கார்டு, பழைய ரசீது ஆகியவற்றில் இருக்கும் எண்ணை மட்டும் அழையுங்கள்.

3. வெறும் செய்திதான் வந்தது, பணம் போகவில்லை

இங்கேதான் கதவுகள் பிரிகின்றன. நான் குழம்பியதும் இங்கேதான். செய்தியை நீக்கிவிடாதீர்கள். அனுப்பியவர் பெயர், நாள், நேரம், லிங்க் எல்லாம் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேண்டாத விளம்பரமாக, தொல்லையாக வந்த செய்தி என்றால் 1909. வந்த செய்தியை நகலெடுத்து ஒட்டி, காற்புள்ளி போட்டு, அனுப்பிய எண்ணையோ பெயர்க்குறியையோ சேர்த்து, மறுபடி காற்புள்ளி போட்டு, வந்த நாளைச் சேர்த்து 1909-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் இரண்டிரண்டு இலக்கமாக இருக்க வேண்டும். செய்தி வந்து ஏழு நாளுக்குள் அனுப்பலாம். முன்பு மூன்று நாள்தான் இருந்தது. தொல்லைச் செய்திகளுக்கென்றே டிராய் வைத்திருக்கும் டிஎன்டி செயலியிலும் இதைச் செய்யலாம், அது வயதானவர்களுக்கு எளிது.

ஏமாற்றும் நோக்கத்தோடு வந்தது என்றால் சக்ஷு. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்துக்குள் 2024 மார்ச்சில் தொடங்கப்பட்ட பகுதி இது. 2025 ஜனவரியிலிருந்து செயலியாகவும் இருக்கிறது. அழைப்பா, குறுஞ்செய்தியா, வாட்ஸ்அப்பா என்று தேர்ந்தெடுத்து, வகையைச் சொல்லி, ஸ்கிரீன்ஷாட்டை ஏற்றி, உங்கள் எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கொடுத்தால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை. செய்தி வந்து 30 நாளுக்குள் இருக்க வேண்டும். நீங்கள் தெரிவிப்பதை வைத்து அந்த எண்ணைச் சரிபார்த்துத் துண்டிக்கிறார்கள்.

இணையத்தில் தேடினால் "7726-க்கு அனுப்புங்கள்" என்று பல கட்டுரைகள் சொல்லும். அது அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் உரிய எண். இங்கே அதற்கு அனுப்பிப் பயனில்லை.

4. சக்ஷு எதற்கு இல்லை

பணம் இழந்தவர்களுக்கு இல்லை. அந்தப் பக்கத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஞாயிறு காலை பதற்றத்தில் அந்த வரியைத் தாண்டிப் போய், படிவத்தை நிரப்பி, குறிப்பெண் வந்ததும் "புகார் கொடுத்தாகிவிட்டது" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு இட்லி சாப்பிட உட்கார்ந்தேன். குறிப்பெண் என்ற ஒன்று கையில் இருந்தால் நமக்கு வேலை நடந்துவிட்டதாகத் தோன்றுகிறது. சக்ஷுவில் கொடுத்தால் எண்ணைத் துண்டிப்பார்கள். உங்கள் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை யாரும் முடக்க மாட்டார்கள்.

5. பணம் போய்விட்டது: முதல் ஒரு மணி நேரம்

வரிசை முக்கியம். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில், லிங்க் திறந்த கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். வை-ஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏபிகே கோப்பாக (ஆண்ட்ராய்டு கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு) வரும் செயலி உங்கள் குறுஞ்செய்திகளைப் படித்து ஓடிபியை மோசடிக்காரருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். வங்கியின் எச்சரிக்கைச் செய்தியை உங்கள் கண்ணில் படாமல் மறைக்கவும் செய்யும். இனி எல்லா அழைப்பும் வேறொரு கைபேசியிலிருந்து போகட்டும்.

இரண்டாவது, 1930. இது தேசிய சைபர் குற்ற உதவி எண், இரவிலும் இயங்கும், தமிழில் பேசலாம். பழைய கட்டுரைகளில் 155260 என்று இருக்கும், அதை விட்டுவிடுங்கள். லைன் கிடைக்காவிட்டால் மறுபடி மறுபடி முயலுங்கள். கேட்பார்கள் என்பதால் இவற்றைத் துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்: வங்கியின் பெயர், கணக்கு எண் அல்லது கார்டு எண், ஒவ்வொரு பரிவர்த்தனையின் தொகையும் நேரமும், பரிவர்த்தனைக் குறிப்பெண். யுபிஐ என்றால் அது பன்னிரண்டு இலக்கம் கொண்ட யுடிஆர் எண். ஓடிபி, பின் எண் ஆகியவற்றை அங்கே கேட்கவே மாட்டார்கள்.

இந்த அழைப்புக்கு ஏன் இவ்வளவு அவசரம்? பணம் ஒரே கணக்கில் உட்கார்ந்திருப்பதில்லை. முதல் கணக்கிலிருந்து நான்கு கணக்கு, அங்கிருந்து பத்து, பிறகு ஏதோ ஒரு ஊரின் ஏடிஎம். 1930-இல் பதிவானதும் விவரம் அந்தந்த வங்கிகளுக்குப் போகிறது. பணம் எந்தப் படியில் நிற்கிறதோ அங்கே அதை நிறுத்தி வைக்கிறார்கள். ஏடிஎம்மிலிருந்து வெளியே வந்த நோட்டை யாராலும் நிறுத்த முடியாது. எங்களுக்கு 36 மணி நேரம் கழித்து, மூன்றாவது படியில் 11,200 ரூபாய் மட்டும் அகப்பட்டது.

மூன்றாவது, வங்கியின் 24 மணி நேர எண்ணில் டெபிட் கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். அழைத்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், 7ஆம் பகுதியில் அது பணமாக மாறும்.

ஏமாந்தவரை அந்த நேரத்தில் திட்டாதீர்கள். அப்பா இரவு சொல்லாமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் நான்தான். "இதுகூடத் தெரியாதா" என்று முன்பு ஒருமுறை வேறு விஷயத்துக்குக் கேட்டிருக்கிறேன்.

6. இணையதளத்தில் புகாரை முடித்தல்

1930-இல் சொன்னதோடு முடியவில்லை. கைபேசிக்கு ஒரு ஒப்புகை எண் வரும். அதை வைத்து 24 மணி நேரத்துக்குள் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் (சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்) முழுப் புகாரையும் பதிய வேண்டும். லைனே கிடைக்கவில்லை என்றால் நேரடியாக இங்கே தொடங்கலாம்.

தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை: ஆதார் அல்லது வேறு அடையாள அட்டையின் படம், ஜேபெக் அல்லது பிஎன்ஜி வடிவில், 5 எம்பிக்குள், குறுஞ்செய்தியின் ஸ்கிரீன்ஷாட், பணம் போன வரிகள் தெரியும் வங்கிக் கணக்கு அறிக்கை, பரிவர்த்தனைக் குறிப்பெண்கள். சான்றுக் கோப்பு ஒவ்வொன்றும் 10 எம்பிக்குள் இருக்க வேண்டும்.

இங்கே மூன்று பொறிகள்.

ஒன்று, வகை. "நிதி மோசடி" என்பதையே தேர்ந்தெடுங்கள். "பிற சைபர் குற்றம்" என்பதில் பதிந்தால் பணத்தை நிறுத்தும் வேலை தொடங்காது.

இரண்டு, விவரிப்பு. குறைந்தது 200 எழுத்துகள் வேண்டும், சிறப்புக் குறியீடுகள் கூடாது. நான் ரூபாய்க் குறியையும் லிங்கையும் அப்படியே ஒட்டினேன். படிவம் ஏற்கவில்லை, ஏன் என்றும் சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் போயிற்று. முதலில் கைபேசிக் குறிப்பேட்டில் வெறும் எழுத்தும் எண்ணுமாக எழுதி, பிறகு ஒட்டுங்கள்.

மூன்று, மூன்று முறை பணம் போனது என்பதற்காக மூன்று புகார் போடாதீர்கள். ஒரே புகாரில் மூன்று பரிவர்த்தனையையும் சேருங்கள்.

முடிந்ததும் புகாரின் பிடிஎஃப்பை இறக்கி நான்கு நகல் எடுங்கள்.

7. வங்கிக்கு எழுத்தில் கொடுத்தல்

தொலைபேசியில் சொன்னது போதாது. கிளைக்குப் போய்க் கடிதம் கொடுங்கள். அதன் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "மெயில் அனுப்புங்கள், போதும்" என்பார்கள். மெயிலும் அனுப்புங்கள், முத்திரையும் வாங்குங்கள்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று சுற்றறிக்கையாக வெளியிட்ட விதிகள்தான் இதில் உங்கள் ஆயுதம். தவறு உங்களுடையதும் அல்ல, வங்கியுடையதும் அல்ல, மூன்றாவது ஆள் புகுந்தது என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் வரம்புக்குட்பட்ட நஷ்டம். சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கு மேல் தாமதித்தால் வங்கியின் கொள்கைப்படி. தெரிவித்த பத்து வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் புகாரை முடிக்க வேண்டும்.

ஓடிபியையோ கார்டு விவரத்தையோ நீங்களே கொடுத்திருந்தால் கதை வேறு. அது வாடிக்கையாளரின் கவனக்குறைவு. வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் உங்கள் தலையில் விழும். ஆனால் தெரிவித்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. அழைத்த நேரத்தைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்பதை நிரூபிக்க வேண்டியதும் வங்கியே. கடிதத்தில் நடந்ததை உள்ளபடி எழுதுங்கள். அதே சமயம் "எல்லாம் என் தவறுதான்" என்று வங்கி நீட்டும் அச்சிட்ட தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அப்பா போடவிருந்தார்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால், அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் முறையிடலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டாம். சந்தேகம் கேட்க 14448. எங்கள் முறையீட்டில் கார்டு விவரம் கொடுத்தது குறுக்கே நின்றது, தொகை கிடைக்கவில்லை. கேட்டதில் தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

8. கைபேசியைச் சுத்தம் செய்தல்

ஸ்கிரீன்ஷாட்டுகளை எடுத்து வேறு இடத்தில் சேமித்த பிறகே இதைச் செய்யுங்கள். அமைப்புகளில் செயலிப் பட்டியலைத் திறந்து அந்த லிங்கிலிருந்து நிறுவியதையும் அடையாளம் தெரியாததையும் தேடுங்கள். இந்தச் செயலிகள் முகப்புத் திரையில் தங்கள் படத்தை மறைத்துக்கொள்ளும், பட்டியலில்தான் அகப்படும். அப்பாவின் கைபேசியில் அது படமே இல்லாமல் ஒரு வெற்றுக் கட்டமாக இருந்தது. நீக்க முடியவில்லை என்றாலோ, நீக்கியும் சந்தேகம் தீரவில்லை என்றாலோ, படங்களை நகலெடுத்துக்கொண்டு கைபேசியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள். அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பியிருக்கலாம் என்பதால் ##002# என்று டயல் செய்து எல்லாத் திருப்பல்களையும் ரத்து செய்யுங்கள். கடவுச்சொற்களைச் சுத்தமான வேறொரு கருவியிலிருந்துதான் மாற்ற வேண்டும்.

9. காவல் நிலையமும் நீதிமன்றமும்

தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் சைபர் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது. இணையப் புகாரின் நகல், வங்கியின் முத்திரையிட்ட அறிக்கை, ஆதார் நகல், நடந்ததைத் தமிழில் எழுதிய ஒரு பக்க மனு, இவற்றோடு நேரில் போங்கள். சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அது புகார் பெற்றதற்கான சான்று மட்டும்தான், எப்.ஐ.ஆர். அல்ல. இரண்டையும் ஒன்றென்று நினைத்து நான் ஒரு மாதம் காத்திருந்தேன். எப்.ஐ.ஆர். பதிவாகியிருந்தால் நகல் இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

நிறுத்தி வைத்த பணம் தானாக உங்கள் கணக்குக்கு வராது. எங்கள் விஷயத்தில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போட்டு, ஆணை வாங்கி, அது வங்கிக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது. எந்த வங்கியில் எவ்வளவு நிற்கிறது என்ற விவரத்தைக் காவல் நிலையத்தில் எழுத்தில் வாங்கினால்தான் மனு எழுத முடியும். 11,200 ரூபாய் அப்பாவின் கணக்கில் ஏறியபோது ஏழு மாதம் ஆகியிருந்தது.

இந்த ஏழு மாதத்தில் இரண்டு பேர் அழைத்து, "உங்கள் சைபர் புகார் எங்களிடம் இருக்கிறது, 3,000 ரூபாய் கட்டினால் முழுத் தொகையும் திரும்பும்" என்றார்கள். ஏமாந்தவரை மறுபடி ஏமாற்றும் கூட்டம் அது. 1930, இணையப் புகார், குறைதீர்ப்பாளர் எதற்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் இல்லை. எங்களுக்கு ஆன செலவு நகல்கள், வங்கி அறிக்கைக்கு வாங்கிய சிறு தொகை, பஸ் டிக்கெட், என் நான்கு அரை நாள் விடுப்பு.

அந்த ஸ்கூட்டருக்கு உண்மையான அபராதம் ஏதாவது வந்திருக்கிறதா என்று அரசின் இ-செலான் தளத்தில் பிறகு பார்த்தோம். எதுவும் இல்லை.